அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மண்டபமும் தகுதி பற்றிய விவாதமும்

தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் ஒரு வீரருக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த மதிப்பு, ஒகையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் உள்ள புகழ் மண்டபத்தில் இடம்பெறுவதாகும். இங்குக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்க ஆட்டத்தைக் குறிக்கும். தேர்வு பெற்றவருக்குப் பொன்னிற மேலங்கி அணிவிக்கப்படும். அவரது வெண்கல மார்பளவுச் சிலை மண்டபத்தில் வைக்கப்படும். அந்தச் சிலைக்குத் தகுதியானவர் யார் என்ற விவாதம் மண்டபம் திறக்கப்பட்ட நாள் முதல் ஓயவில்லை. மேலோட்டமாக வீரர்களின் திறமையைப் பற்றியதாகத் தோன்றும் இவ்விவாதம், உண்மையில் எந்தச் சான்று செல்லும், யாருடைய நினைவு எடுபடும் என்பதைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருந்துள்ளது.

தோற்றம்

1920 செப்டம்பரில் கேன்டன் நகரின் ஒரு கார் விற்பனைக் கூடத்தில் கூடிய அணி உரிமையாளர்கள் தொழில்முறைக் கால்பந்துச் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதுவே 1922இல் என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக் என்று பெயர் மாறியது. 1912 ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்களை வென்றவரும் கேன்டன் புல்டாக்ஸ் அணியின் வீரருமான ஜிம் தோர்ப் சங்கத்தின் முதல் தலைவரானார். இந்த வரலாற்றைக் காட்டி, புகழ் மண்டபம் கேன்டனில்தான் அமைய வேண்டும் என்று உள்ளூர் நாளிதழான கேன்டன் ரெபாசிட்டரி 1959 டிசம்பரில் எழுதியது. லீக் 1961இல் அதனை ஏற்றது. 1963 செப்டம்பர் 7 அன்று மண்டபம் திறக்கப்பட்டது. தோர்ப், ஜார்ஜ் ஹாலஸ், ரெட் கிரேஞ்ச், டான் ஹட்சன், சாமி பா உள்ளிட்ட 17 பேர் முதல் தொகுதியில் இடம்பெற்றனர்.

தேர்வு முறை

ஒரு வீரர் ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கடந்த பின்னரே அவர் பெயர் பரிசீலிக்கப்படும். யார் வேண்டுமானாலும் ஒருவரை முன்மொழியலாம். முடிவு செய்வது ஏறத்தாழ 50 பேர் கொண்ட குழுவாகும். ஒவ்வோர் அணியின் நகரத்திலிருந்தும் ஊடகத்துறை சார்ந்த ஒருவர் அதில் இருப்பார்; பொது உறுப்பினர்களும் உண்டு. பட்டியல் பல சுற்றுகளில் சுருக்கப்பட்டு, இறுதிக் கூட்டத்தில் ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியே விவாதிக்கப்படும். வழக்கமாக வீரர் ஆடிய நகரின் பிரதிநிதி, வழக்கறிஞரைப் போல அவருக்காக எடுத்துரைப்பார். வாக்குகளில் 80 விழுக்காடு பெற்றால்தான் இடம் உறுதி.

இம்முறையின் விளைவுகள் இரண்டு. முதலாவது, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டோர் மறுத்தாலே ஒருவரைத் தடுத்து நிறுத்திவிட முடியும். இரண்டாவது, ஓர் ஆண்டில் நுழையக்கூடியோரின் எண்ணிக்கைக்கு வரம்பு உள்ளதால், ஒருவர் தகுதியானவரா என்ற கேள்வி அந்த ஆண்டில் அவருடன் போட்டியிடுவோரைவிடத் தகுதியானவரா என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. தகுதி மாறாவிட்டாலும், வரிசையில் உடன் நிற்போர் மாறுவதால் முடிவு மாறலாம்.

நிறத் தடையும் முதல் பட்டியலும்

1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல். ஆட்டங்களில் கறுப்பின வீரர் ஒருவர்கூட ஆடவில்லை. எழுதப்படாத இத்தடை 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டன், வுடி ஸ்ட்ரோட் ஆகியோரைச் சேர்த்தபோது உடைந்தது. ஆனால் வாஷிங்டன் நகர அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல், 1962இல் கூட்டரசின் அழுத்தம் வரும் வரை தம் அணியில் கறுப்பின வீரரைச் சேர்க்க மறுத்தார். அணி ஆடிய புதிய அரங்கம் கூட்டரசு நிலத்தில் இருந்ததே அவரைப் பணிய வைத்தது. அடுத்த ஆண்டே, புகழ் மண்டபத்தின் முதல் 17 பேருள் ஒருவராக அவர் சேர்க்கப்பட்டார்.

அதே பட்டியலில் ஃபிரிட்ஸ் பொலார்ட் இல்லை. 1920இல் லீகின் முதல் பருவத்திலேயே ஆடிய கறுப்பின வீரர் அவர். அந்த ஆண்டு பட்டம் வென்ற ஏக்ரன் புரோஸ் அணியின் முதன்மை ஆட்டக்காரர். 1921இல் அதே அணியின் பயிற்சியாளராகவும் பொறுப்பேற்று, லீகின் முதல் கறுப்பினப் பயிற்சியாளரானார். மண்டபம் திறந்தபோது உயிருடன் இருந்த பொலார்ட் 1986இல் தம் 92ஆம் வயதில் மறைந்தார். அவருக்கு இடம் கிடைத்தது 2005இல். 1922 முதல் 1931 வரை ஆடிய லைன்மேனும், பின்னர் சிகாகோவில் நீதிபதியாக இருந்தவருமான டியூக் ஸ்லேட்டரின் நிலையும் இதுவே. 1966இல் மறைந்த அவர், லீகின் நூற்றாண்டையொட்டி அறிவிக்கப்பட்ட 2020ஆம் ஆண்டுச் சிறப்புத் தொகுதியில்தான் சேர்க்கப்பட்டார். மண்டபத்தில் நுழைந்த முதல் கறுப்பின வீரர் எம்லன் டனல், ஆண்டு 1967.

பொலார்ட், ஸ்லேட்டர் ஆகியோரின் திறமையை யாரும் மறுத்து வாதிட்டதால் அவர்கள் காத்திருக்கவில்லை. 1920களின் ஆட்டங்களுக்கு முறையான புள்ளிவிவரம் இல்லை; அவர்களை நேரில் கண்டோர் குறைந்துகொண்டே வந்தனர். எடுத்துரைக்க ஆள் இல்லாத பெயர், விவாதத்துக்கே வராமல் போயிற்று.

எண்களின் வலிமையும் எல்லையும்

பிற்கால வீரர்களைப் பொறுத்தவரை எண்களே முதல் சான்றாக முன்வைக்கப்படுகின்றன. ஆனால் வெவ்வேறு காலத்து எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடிவதில்லை. லீக் பருவம் 1961இல் 14 ஆட்டங்களாகவும், 1978இல் 16 ஆகவும், 2021இல் 17 ஆகவும் நீண்டது. 1978இல் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களைத் தற்காப்பு வீரர்கள் தடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்ததால், பந்து எறியும் ஆட்டம் பெருகியது. எதிரணிக் குவாட்டர்பேக்கை பந்துடன் வீழ்த்தும் ‘சாக்’ என்னும் செயல், வீரர்களின் கணக்கில் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1982 முதல்தான். அதற்கு முன் ஆடிய தற்காப்பு வீரர்களின் முதன்மையான சாதனை அதிகாரபூர்வ ஏட்டிலேயே இல்லை.

குவாட்டர்பேக்குகள் இருவரின் ஒப்பீடு இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டும். ஜோ நேமத் தம் ஆட்ட வாழ்வில் 173 டச்டவுன் எறிதல்களைச் செய்தார். அவர் எறிந்தவற்றுள் 220ஐ எதிரணியினர் இடைமறித்துப் பறித்தனர். எண்களை மட்டும் பார்த்தால் இது உயர்ந்த கணக்கன்று. எனினும் 1967இல் ஒரே பருவத்தில் 4,000 யார்டுகளுக்கு மேல் எறிந்த முதல் தொழில்முறை வீரர் அவரே. 1969 ஜனவரியில், வலுக்குறைந்ததாகக் கருதப்பட்ட நியூயார்க் ஜெட்ஸ் அணி வெல்லும் என்று முன்கூட்டியே உறுதி கூறி, பால்டிமோர் கோல்ட்ஸ் அணியை 16-7 என வீழ்த்தவும் செய்தார். போட்டி லீகான ஏ.எஃப்.எல். தரத்தில் தாழ்ந்ததன்று என்பதை அந்த வெற்றி நிறுவியது. நேமத் 1985இல் மண்டபத்தில் இடம்பெற்றார்.

சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் கென் ஆண்டர்சன் 197 டச்டவுன் எறிதல்களைச் செய்தவர், பறிபோனவை 160. எறிதல் திறன் மதிப்பீட்டில் நான்கு பருவங்களில் லீகின் முதலிடம் பெற்றார். 1981இல் லீகின் மிகச் சிறந்த வீரராகவும் தேர்வானார். அப்பருவத்தின் சூப்பர் பவுலில் அவரது அணி 26-21 எனத் தோற்றது. 2025ஆம் ஆண்டுத் தேர்வு வரை அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆட்டத்தின் வரலாற்றை மாற்றியவருக்கு முன்னுரிமையா, ஆட்டத்தைச் செம்மையாக ஆடியவருக்கு முன்னுரிமையா என்ற கேள்விக்கு விதிகளில் விடை இல்லை.

ரிசீவர்களிடையிலும் இதே முரண் உண்டு. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் லின் ஸ்வான் பிடித்த பந்துகள் 336 மட்டுமே. நான்கு சூப்பர் பவுல் வெற்றிகளும் பெரிய ஆட்டங்களில் அவர் காட்டிய திறனும் நீண்ட காத்திருப்புக்குப் பின் 2001இல் அவரை உள்ளே கொண்டுவந்தன. அதே 2001இல் தகுதிக் காலத்தை எட்டிய ஆர்ட் மாங்க் 940 பந்துகளைப் பிடித்தவர். ஒரு காலத்தில் அதிகப் பந்துகளைப் பிடித்தவர் என்ற சாதனையும் அவருடையது. அவர் 2008 வரை காத்திருந்தார். ஒருவருக்கு எண்ணிக்கை போதாது என்றும், மற்றவருக்கு எண்ணிக்கை மட்டும் போதாது என்றும் வாதிடப்பட்டது.

குறுகிய ஆட்ட வாழ்வு

காயங்களால் ஆட்ட வாழ்வு பாதியில் முடிவது இந்த ஆட்டத்தில் வழக்கம். சிகாகோ பேர்ஸ் அணியின் கேல் சேயர்ஸ் முழங்கால் காயங்களால் 68 ஆட்டங்களுடன் ஓய்வு பெற்றார். ஆயினும் 1977இல், 34 வயதில், மண்டபத்தில் நுழைந்த மிக இளையவரானார். டென்வர் பிரான்கோஸ் அணியின் டெரல் டேவிஸ் ஆடியது 78 ஆட்டங்கள். 1998இல் ஒரே பருவத்தில் 2,008 யார்டுகள் ஓடியவர், இரு சூப்பர் பவுல்களை வென்றவர் என்றபோதும் அவர் 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. கழுத்துக் காயத்தால் ஏழு பருவங்களோடு நின்ற கிரீன் பே பாக்கர்ஸ் ரிசீவர் ஸ்டெர்லிங் ஷார்ப், 1994இல் கடைசியாக ஆடினார். அவருக்கு இடம் கிடைத்தது 2025இல். உச்சத்தின் உயரத்தை அளப்பதா, உழைப்பின் நீளத்தை அளப்பதா என்பதில் ஒவ்வொரு தலைமுறைக் குழுவும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்தது.

நடத்தை ஒரு சான்றாகுமா?

களத்துக்கு வெளியே வீரர் நடந்துகொண்ட விதத்தைக் கருதக்கூடாது. கால்பந்து சார்ந்த சாதனையையே பார்க்க வேண்டும் என்பது மண்டபத்தின் விதி. போதைப் பழக்கத்தால் செய்திகளில் அடிபட்ட லாரன்ஸ் டெய்லர், தகுதி பெற்ற முதல் ஆண்டான 1999லேயே தேர்வானது இவ்விதிப்படிதான். 1985இல் இடம்பெற்ற ஓ.ஜே. சிம்சன், 1995இல் கொலை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1997இல் உரிமையியல் நீதிமன்றம் அவரை அம்மரணங்களுக்குப் பொறுப்பாக்கியது. 2008இல் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றார். அவரது சிலை அகற்றப்படவில்லை.

டெரல் ஓவன்ஸ் விவகாரம் இவ்விதியின் எல்லையைச் சோதித்தது. 15,934 யார்டுகள், 153 டச்டவுன் பிடிப்புகள் என ரிசீவர்களின் வரலாற்றில் முன்வரிசையில் நிற்பவர் அவர். எனினும் 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேர்வாகவில்லை. சக வீரர்களோடும் பயிற்சியாளர்களோடும் மோதி அணிகளைப் பிளவுபடுத்தினார் என்றும், அணியின் உடைமாற்றும் அறையும் களத்தின் பகுதியே என்றும் எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். விதிக்கு வெளியே உள்ளதை விதிக்குள் கொண்டுவரும் முயற்சி அது என்றனர் ஆதரவாளர்கள். 2018இல் தேர்வான ஓவன்ஸ் கேன்டன் விழாவுக்குச் செல்லவில்லை. தாம் படித்த சட்டனூகா நகரப் பல்கலைக்கழகத்திலேயே ஏற்புரை நிகழ்த்தினார்.

காலம் கடந்த இடம்

ஓவன்ஸ் மூன்றாம் ஆண்டில் பெற்ற அதே 2018ஆம் ஆண்டுத் தொகுதியில்தான் ஜெரி கிரேமரும் இடம்பெற்றார். கிரீன் பே அணியின் கார்டு நிலை ஆட்டக்காரரான அவரை, 1969இல் லீகின் 50ஆம் ஆண்டுச் சிறப்பு அணிக்குத் தேர்ந்தெடுத்திருந்தனர். 1967 டிசம்பர் 31 அன்று கடுங்குளிரில் நடந்த பட்ட ஆட்டத்தின் கடைசி நொடிகளில், குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார் கோட்டைக் கடக்க வழி திறந்தது அவர் அளித்த தடுப்பு. தடுப்பாளர்கள் பந்தைத் தொடுவதில்லை. ஆகவே அவர்களுக்கு எண் இல்லை. பலமுறை இறுதிச் சுற்றில் நிராகரிக்கப்பட்ட கிரேமர், 82 வயதில் தேர்வானார்.

அவர் உயிருடன் இருந்தார். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 1964 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, பின்னர் டாலஸ் கௌபாய்ஸ் அணியில் தம் வேகத்தால் தற்காப்பு உத்திகளையே மாற்ற வைத்த பாப் ஹேஸ் 2002இல் மறைந்தார். இடம் 2009இல் கிடைத்தது. குவாட்டர்பேக் கென் ஸ்டேப்லர் 2015இல் மறைந்தார்; அடுத்த ஆண்டே தேர்வானார். 65 முறை எதிரணியின் எறிதலை இடைமறித்த சின்சினாட்டியின் கென் ரைலி 2020இல் மறைந்தார், 2023இல் சேர்க்கப்பட்டார். சிலை ஒன்றே, விழா மேடையில் மேலங்கியை அணிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.

அண்மைய மாற்றங்கள்

2020இல் ஒரே ஆண்டில் 20 பேர் சேர்க்கப்பட்டதும், அதன் பின் வந்த பெரிய தொகுதிகளும் மண்டபத்தின் தரத்தைத் தளர்த்துகின்றன என்ற குறை எழுந்தது. 2025ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விதிகள் இறுக்கப்பட்டன. நீண்ட காலத்துக்கு முன் ஓய்வு பெற்ற மூத்த வீரர்களும் பயிற்சியாளர்களும் பிற பங்களிப்பாளர்களும் ஒரே பட்டியலில் போட்டியிட நேர்ந்தது. எரிக் ஆலன், ஜேரட் ஆலன், அன்டோனியோ கேட்ஸ், ஸ்டெர்லிங் ஷார்ப் என நால்வர் மட்டுமே தேர்வாயினர். இரு சூப்பர் பவுல்களில் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஈலை மானிங் அந்த ஆண்டு தேர்வாகவில்லை. அவர் தொடங்கிய வழக்கமான பருவ ஆட்டங்களில் வெற்றி 117, தோல்வி 117.

மதிப்பீடு

தரத்தைக் காப்பதற்குச் சிறிய தொகுதி வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எல்லோரும் நுழையும் மண்டபத்தால் யாருக்கும் பெருமை இல்லை. ஆனால் கதவு குறுகும்போது எல்லோரும் சம அளவில் தள்ளிப்போவதில்லை. அண்மையில் ஓய்வு பெற்றவருக்கு ஒளிப்பதிவும் எண்களும் வாதாடும் செய்தியாளரும் இருக்கிறார்கள். அவர் அடுத்த ஆண்டு மீண்டும் வரலாம். எண் இல்லாத தடுப்பாளரும், பதிவு தொடங்குமுன் ஆடிய தற்காப்பு வீரரும், நிறத் தடைக் காலத்து முன்னோடியும் தங்களைக் கண்டவர்களின் நினைவையே நம்பியிருக்கிறார்கள். நினைவுக்கு ஆயுள் குறைவு. பொலார்டும் ஸ்லேட்டரும் காத்திருந்த ஆண்டுகள் காட்டுவது, புகழ் மண்டபத்தின் பெரிய பிழைகள் தகுதியற்றவரைச் சேர்த்ததைவிட, தகுதியானவரின் சான்றைத் தேடாமல் விட்டதால் நேர்ந்தவை என்பதையே.