மாதிரி விமானம்: எரிபொருள் கருவிகளைப் பராமரிப்பது எப்படி?

தெப்ராவ் - பறந்துகொண்டிருக்கும் மாதிரி விமானத்தின் என்ஜின் திடீரென நின்றால், பலரும் முதலில் என்ஜினைத்தான் கழற்றிப் பார்க்கிறார்கள். ஆனால் பல நேரங்களில் கோளாறு இருப்பது சில ரிங்கிட் விலையுள்ள டியூப்பிலோ வடிகட்டியிலோதான். அந்தச் சிறிய பாகங்களைக் கவனித்தால் விமானம் விழுந்து நொறுங்காது. எரிபொருள் கசிந்து வீட்டில் உள்ளவர்களுக்குக் கேடு வருவதையும் தவிர்க்கலாம்.

நடிகர் அஜித் குமாருக்கு மாதிரி விமானங்களில் ஆர்வம் உண்டு. 2018இல் அவர் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ ஆளில்லா விமானக் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அதன்பின் இந்தப் பொழுதுபோக்கு தமிழர்களிடையே கூடுதலாகப் பேசப்பட்டது. இன்று பேட்டரி விமானங்களே அதிகம் என்றாலும், எரிபொருளில் ஓடும் என்ஜின்களை விரும்புவோர் இன்னும் இருக்கின்றனர்.

இரு வகை எரிபொருள்

சிறிய விமானங்களில் பெரும்பாலும் ‘குளோ’ என்ஜின் பொருத்தப்படுகிறது. அமெரிக்காவின் ரே ஆர்டன் 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக்கே இதற்கு அடிப்படை. இதன் எரிபொருளில் மெத்தனாலும் எண்ணெயும் சேர்ந்திருக்கும்; வேகத்திற்காக நைட்ரோமெத்தேனும் சேர்ப்பதுண்டு. பெரிய விமானங்கள் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த கலவையில் ஓடுகின்றன.

இந்த இரண்டுக்கும் ஒரே டியூப்பைப் பயன்படுத்தக் கூடாது. சிலிக்கோன் டியூப் மெத்தனாலைத் தாங்கும். பெட்ரோல் பட்டால் ஊதிப்போய் கழன்றுவிடும். பெட்ரோலுக்கு டைகான் போன்ற பெட்ரோல் தாங்கும் டியூப்பே ஏற்றது. டேங்க்கின் ரப்பர் மூடிக்கும் இது பொருந்தும்.

டேங்க்கைச் சோதிக்கும் முறை

டேங்க்கின் உள்ளே ஒரு மெல்லிய டியூப் இருக்கும். அதன் நுனியில் சிறு உலோகக் குண்டு தொங்கும். விமானம் எப்படிச் சாய்ந்தாலும், எரிபொருள் இருக்கும் பக்கம் குண்டு நகர்ந்து டியூப்பையும் இழுத்துச் செல்லும். அந்த டியூப் இறுகிப்போனாலோ கீறல் விட்டாலோ என்ஜினுக்குள் காற்று புகும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. டேங்க் நிறைந்திருக்கும்போது என்ஜின் நன்றாக ஓடி, பாதி காலியானதும் தடுமாறினால், உள் டியூப்பைச் சந்தேகிக்கலாம். எரிபொருள் மட்டம் கீறலுக்குக் கீழே இறங்கியதும் அது காற்றை உறிஞ்சத் தொடங்கும். விமானம் பலமாக மோதித் தரையிறங்கியிருந்தால், குண்டு முன்பக்கம் மடங்கிச் சிக்கியிருக்கவும் கூடும். அப்போது மூக்கை உயர்த்தி ஏறும் வேளையில் என்ஜின் நிற்கும்.

சோதனை எளிது. டேங்க்கைக் கழற்றி, காலி செய்து, தண்ணீரால் நன்றாக அலசுங்கள். ஒரு குழாயைத் தவிர மற்றவற்றை அடைத்து, டேங்க்கைத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். திறந்த குழாயில் சிறிய கைப் பம்ப்பால் மெதுவாகக் காற்று செலுத்துங்கள். குமிழி வரும் இடமே கசிவு. வாயால் ஊத வேண்டாம். உள் டியூப்பை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. டேங்க்கைத் திரும்பப் பொருத்தும்போது சுற்றிலும் பஞ்சு வையுங்கள். அதிர்வால் எரிபொருள் நுரைப்பது குறையும்.

பம்ப் வேலை செய்யாவிட்டால்

எரிபொருள் நிரப்ப, கையால் சுற்றும் பம்ப்போ 12 வோல்ட் மின் பம்ப்போ பயன்படுகிறது. மின் பம்ப்பின் மோட்டார் சுற்றியும் எரிபொருள் வரவில்லை என்றால், உறிஞ்சும் பக்கத்து இணைப்பில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். உட்புறப் பல்சக்கரங்கள் உலர்ந்திருந்தால், சில துளி எரிபொருளை உள்ளே விட்டாலே போதும்.

மோட்டாரே சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸையும் பேட்டரி இணைப்புகளையும் சோதியுங்கள். அவை சரியாக இருந்தால், எரிபொருளில் உள்ள ஆமணக்கெண்ணெய் பிசினாக இறுகிச் சக்கரங்களைப் பிடித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பம்ப்பினுள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை விட்டுச் சிறிது நேரம் ஊறவைத்தால் பிசின் இளகும். அது முழுதும் உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

வடிகட்டியிலும் ஒரு கவனம் தேவை. ஒரே வடிகட்டி வழியாக டேங்க்கை நிரப்பவும் காலி செய்யவும் செய்தால், திரும்பும் எரிபொருளில் உள்ள அழுக்கு வடிகட்டியின் மறுபக்கம் தங்கும். அடுத்த முறை நிரப்பும்போது அது நேராக டேங்க்குக்குள் போகும். ஆகவே நிரப்ப ஒன்று, வெளியேற்ற ஒன்று எனத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜொகூரின் ஈரக்காற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூடி சரியாக இல்லாத கலனில் எரிபொருள் கெட்டு, என்ஜினின் பேரிங் துருப்பிடிக்கும். பறந்து முடித்த அன்றே டேங்க்கைக் காலி செய்து, என்ஜினில் பாதுகாப்பு எண்ணெய் சில துளி விட்டுவையுங்கள்.

வீட்டில் மறக்கக் கூடாதவை

மெத்தனால் கொடிய நஞ்சு. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளிலும், 2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. அறிகுறிகள் தென்படப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திருக்கக் கூடாது.

எனவே எரிபொருளைக் குடிநீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றிவைக்காதீர்கள். பெயரெழுதி, பூட்டிய அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கசிவைத் துடைக்கும்போது கையுறை அணியுங்கள். மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 999ஐ அழையுங்கள், அல்லது மருத்துவமனைக்கு விரையுங்கள். மவுண்ட் ஆஸ்டினில் உள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை தெப்ராவ் மக்களுக்கு அருகில் உள்ளது. எரிபொருள் கலனின் லேபிளையும் எடுத்துச் செல்லுங்கள்.

மெத்தனால் சுமார் 11 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. பெட்ரோல் கலனை நிரப்பும்போது, காரின் உள்ளே வைக்காமல் தரையில் வைத்து நிரப்புங்கள். நிலைமின்சாரப் பொறி எழும் வாய்ப்பு குறையும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் அது பரவும். உலர்தூள் தீயணைப்பானை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.