கனம் கிருஷ்ணையர்: உடையார்பாளையத்தின் மறந்த பாடல்கள் மீண்ட வரலாறு

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் இன்று சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலைகள், கடல்வாழ் உயிரினங்களின் தொல்லெச்சங்கள் ஆகியவற்றால் அறியப்படுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்நிலப்பகுதிக்கு வேறொரு பெயரும் இருந்தது. உடையார்பாளையம், அரியலூர் ஜமீன்கள் தமிழ்ப் புலவர்களையும் இசைவாணர்களையும் ஆதரித்த இடங்கள். அவற்றில் உடையார்பாளையத்தோடு நெடுங்காலம் தொடர்பு கொண்டிருந்தவர் கனம் கிருஷ்ணையர். கன மார்க்கம் என்னும் அரிய பாடுமுறையில் தேர்ந்தவர். தமிழில் பதங்கள் இயற்றியவர். அவர் மறைந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய வாழ்க்கையும் பாடல்களும் நூலாக வெளிவந்தன. அந்த மீட்பில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பது தமிழ் இசை வரலாற்றைக் கற்போர் அறிய வேண்டிய செய்தி.

நிலமும் ஜமீன்களும்

உடையார்பாளையம் இன்று அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்திற்கு அருகில் உள்ளது. சோழர் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரமும் இதே வட்டாரத்தில் அமைந்தது. பயறணீசுவரர் கோயில் இவ்வூரின் பழமைக்குச் சான்றாக நிற்கிறது. இப்பகுதி முழுவதும் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அரியலூர் 2001-இல் பிரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது; 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது.

உடையார்பாளையம் ஜமீன்தார்கள் தம் பெயருக்கு முன் 'கச்சி' என்ற அடையைக் கொண்டவர்கள். அது காஞ்சிபுரத்தோடு அவர்களின் முன்னோருக்கு இருந்த தொடர்பைக் குறிப்பது. கச்சிக் கல்யாணரங்கர், கச்சி யுவரங்கர் ஆகியோர் கலைகளைப் போற்றிய புரவலர்களாகப் பெயர் பெற்றனர். தஞ்சை மராட்டியர் அவையைப் போலப் பெரிய அவை இல்லையாயினும், வித்துவான் ஒருவர் குடும்பத்தோடு தங்கி, மாணவர்களுக்குப் பாடம் சொல்லி, புதிய பாடல்கள் இயற்றி வாழ்வதற்கு இத்தகைய சிறிய சமஸ்தானங்கள் இடமளித்தன.

கிருஷ்ணையரின் வாழ்க்கை

கிருஷ்ணையரின் காலம் 1790 முதல் 1854 வரை எனப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. ஊர், அன்றைய திருச்சிராப்பள்ளிச் சீமையைச் சேர்ந்த திருக்குன்றம். இசைக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை அவையில் புகழ்பெற்றிருந்த பச்சைமிரியம் ஆதிப்பையரிடம் பயின்றவர் என்று இசை வரலாறு கூறுகிறது. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மூவரும் வாழ்ந்த காலமே இவருடைய காலமும். மூவரும் தெலுங்கிலும் வடமொழியிலும் பெரிதும் பாடினர். கிருஷ்ணையர் தமிழில் பாடினார்.

'கனம்' என்ற அடைமொழி இவருக்கு வந்த கதை புகழ்பெற்றது. ஆந்திர நாட்டுப் பொப்பிலியிலிருந்து கேசவையர் என்னும் வித்துவான் தஞ்சைக்கு வந்து, கன மார்க்கத்தில் பாடி அவையை வியக்கச் செய்தார். அம்முறையைக் கற்றுப் பாட வல்லவர் இங்கு உண்டா என்ற கேள்வி எழுந்தது. இளைஞரான கிருஷ்ணையர் அதனை ஏற்றார். கேசவையரிடமே அதன் நெறியைக் கேட்டறிந்து, கபிஸ்தலத்தில் இராமபத்திர மூப்பனார் என்ற செல்வரின் ஆதரவில் தங்கிக் கடுமையாகப் பயிற்சி செய்தார். பின்னர் அவையில் பாடிப் பாராட்டுப் பெற்றார். அன்று முதல் அவர் கனம் கிருஷ்ணையர் ஆனார்.

திருவிடைமருதூரில் இருந்த மராட்டிய அரச குடும்பத்தினரின் ஆதரவையும் அவர் பெற்றிருந்தார். திருவையாற்றில் தியாகராஜரைச் சந்தித்த நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. அங்கே மாணவர்கள் பாடிய அடாணா ராகக் கீர்த்தனத்தைக் கேட்ட கிருஷ்ணையர், அதே ராகத்தில் தமிழ்ப் பாடல் ஒன்றை அமைத்தார் என்பர். அப்பாடல் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது. வாழ்வின் பிற்பகுதியில் உடையார்பாளையமே அவருக்கு நிலையான இடமாயிற்று.

கன மார்க்கம் என்பது என்ன?

பழைய வித்துவான்கள் பாடும் முறையைக் கனம், நயம், தேசிகம் என மூன்றாகப் பிரித்தனர். நயம் என்பது மென்மையும் இனிமையும் மிகுந்தது. தேசிகம் நாட்டுக்கு நாடு வழங்கும் பலவகை நடைகளைத் தழுவியது. கனம் இவ்விரண்டிலும் வேறானது. அடிவயிற்றிலிருந்து மூச்சை எழுப்பி, குரலை முழு வலிமையோடு செலுத்தி, சுரங்களை அழுத்தமும் அசைவும் உடையவையாகப் பாடுவது அதன் இயல்பு. தாளக்கட்டின்றி, ஆனால் ஓர் உள் நடையோடு செல்லும் தானம் பாடுவதில் இம்முறையின் ஆற்றல் நன்கு வெளிப்படும்.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்தும் கன ராக பஞ்சகம் எனப்படுவதும் இதனோடு தொடர்புடையது. இவை தானத்திற்கு ஏற்ற ராகங்கள். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனங்கள் இந்த ஐந்து ராகங்களில் அமைந்தவை என்பதை இசை மாணவர்கள் அறிவர்.

கன மார்க்கத்திற்கு உடல் வலிமையும் நெடும் பயிற்சியும் தேவை. உணவு, உறக்கம் ஆகியவற்றிலும் கட்டுப்பாடு வேண்டும். கற்பவர் குறைவு, கற்பிக்க வல்லவர் அதனினும் குறைவு. எனவே இது பலரிடம் பரவும் முறையாக இல்லாமல், ஒரு தலைமுறைக்கு ஓரிருவரிடம் மட்டும் நிற்கும் முறையாக இருந்தது. அதன் அழிவுக்கும் இதுவே முதற் காரணம்.

பதங்கள்

வலிய குரலால் பெயர் பெற்ற இவர் இயற்றியவை பெரும்பாலும் பதங்கள் என்பது கருதத்தக்கது. பதம் என்பது மெதுவான காலத்தில், ராகத்தின் சாயலை விரித்துக் காட்டும் பாடல் வகை. தலைவி, தலைவன், தோழி ஆகியோரின் கூற்றாக அமையும். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்கள் இவ்வகையின் சிகரமாகக் கருதப்படுகின்றன. தமிழில் முத்துத்தாண்டவர், பாபநாச முதலியார், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் ஆகியோருடன் வைத்துக் கூறப்படுபவர் கனம் கிருஷ்ணையர்.

அவருடைய பதங்களில் ஒரு பகுதி தெய்வங்களைத் தலைவனாகக் கொண்டவை. மற்றொரு பகுதி உடையார்பாளையம் யுவரங்கர் போன்ற புரவலர்களைத் தலைவனாகக் கொண்டவை. புரவலர் தம்மைச் சில நாள் பாராமுகமாக விட்டபோது, அந்தக் குறையை நேரில் சொல்லாமல், தலைவனால் மறக்கப்பட்ட தலைவியின் கூற்றாகப் பதம் அமைத்துப் பாடினார் என்ற செய்தி உண்டு. அகப்பொருள் மரபு ஒரு வித்துவானுக்குத் தன்மானத்தோடு பேசும் மொழியாகவும் பயன்பட்டது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மறதியும் அதன் காரணங்களும்

கிருஷ்ணையர் மறைந்த பின் அவருடைய பாடல்கள் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன. இதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, ஜமீன்களின் தளர்ச்சி. கடனும் வழக்கும் பெருகியபோது வித்துவான்களுக்கு அளித்துவந்த மானியங்கள் குறைந்தன. இசைவாணர்கள் சென்னை போன்ற நகரங்களின் சபைகளை நாடினர். இரண்டாவது, மாணவர் பரம்பரை. தியாகராஜருக்கு அமைந்ததுபோல் பெரிய சீடர் கூட்டம் கிருஷ்ணையருக்கு அமையவில்லை. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட புரவலரின் பெயர் அமைந்த பாடல், அந்தப் புரவலரின் காலம் கடந்தபின் வேறு அவைகளில் பாடப்படுவது அரிது. நான்காவது, இருபதாம் நூற்றாண்டில் உருவான கச்சேரி முறை. அதில் கீர்த்தனங்கள் நடுவிடம் பெற்றன. பதங்கள் கச்சேரியின் இறுதிப் பகுதிக்கு ஒதுங்கின.

பதங்களை நெடுங்காலம் காத்து வந்தவர்கள் தேவரடியார் மரபில் வந்த இசை, நாட்டியக் குடும்பத்தினர். சமூகச் சீர்திருத்தக் காலத்தில் அம்மரபினரின் தொழில் வாழ்வு குலைந்தபோது, அவர்களிடம் இருந்த பதங்களும் கேட்பாரற்றுப் போயின.

இசைத்தட்டும் இங்கே உதவவில்லை. இந்தியாவில் வணிக நோக்கிலான முதல் ஒலிப்பதிவுகள் கல்கத்தாவில் நடந்த ஆண்டு 1902. கிருஷ்ணையர் மறைந்து 48 ஆண்டுகள் கழிந்திருந்தன.

உ.வே.சாமிநாதையரின் மீட்பு

கிருஷ்ணையரின் மாணவர்களுள் ஒருவர் வேங்கடசுப்பையர். உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர் கிருஷ்ணையருக்கு உறவினரும் ஆவார். குருவுடன் தங்கிப் பணிவிடை செய்து இசை கற்றவர். பின்னர் அரியலூர் ஜமீனின் ஆதரவைச் சில காலம் பெற்றார். இராமாயணக் கதை சொல்லியும், அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனங்களைப் பாடியும் ஊர் ஊராகச் சென்று குடும்பத்தைக் காத்தார். அவருடைய மகனே உ.வே.சாமிநாதையர். 1855 பிப்ரவரி 19-இல், கிருஷ்ணையர் மறைந்த சில காலத்திற்குள் அவர் பிறந்தார்.

சாமிநாதையரின் இளமைக் கல்வி பெரிதும் இந்த இரு மாவட்டங்களின் ஊர்களிலேயே நடந்தது. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என ஆசிரியர்களைத் தேடித் தந்தையார் அவரை அழைத்துச் சென்றார். வீட்டில் அவர் கேட்டு வளர்ந்தது தந்தையின் இசை. தந்தை பாடியது குருவின் பாடல்கள்.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தபோது, அவ்வூரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்கவும் தொடங்கினார். இசையில் நாட்டம் மிகுந்தால் இலக்கியப் பயிற்சி குன்றும் என்று பிள்ளை கருதியதை அறிந்ததும், இசைப் பாடத்தை நிறுத்திவிட்டார். சீவகசிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என அடுத்தடுத்து வந்த பதிப்புகள் அந்த முடிவின் பயன்கள். அவற்றுள் சிலப்பதிகாரம், அடியார்க்கு நல்லார் உரையோடு வெளிவந்து, பண்டைத் தமிழிசை பற்றிய ஆராய்ச்சிக்கு அடிப்படையானது.

இளமையில் கைவிட்ட இசைக்கு அவர் முதுமையில் திரும்பினார். 1936-இல், தமது எண்பதுகளின் தொடக்கத்தில், கனம் கிருஷ்ணையரின் வரலாற்றைப் பாடல்களோடு வெளியிட்டார். கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகியோரின் வரலாறுகளையும் எழுதினார். இம்மூன்றும் பிற்காலத்தில் 'சங்கீத மும்மணிகள்' என்ற பெயரில் ஒரே தொகுப்பாயின. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் சரித்திரம்' நூலிலும் உடையார்பாளையம், அரியலூர் வாழ்க்கையைப் பதிவு செய்தார். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர், இங்கே தந்தையின் நினைவையும் முதியவர்களின் வாய்மொழியையும் ஆதாரமாகக் கொண்டார்.

மீண்டதும் மீளாததும்

இசையை மீட்பது நூலை மீட்பதைப் போன்றதன்று. செருமனியில் பாக் மறைந்தது 1750-இல். அவருடைய பெரிய இசைப் படைப்பொன்றை மெண்டல்சன் 1829-இல் பெர்லினில் மீண்டும் அரங்கேற்றியதும் அதன் புகழ் பரவியது. அங்கே இசைக்குறிப்பு எழுத்து வடிவில் இருந்தது. அதைப் பார்த்து வாசிக்க முடிந்தது. தமிழ்நாட்டில் பாடலின் சொற்களும் ராக தாளப் பெயர்களும் ஏட்டில் நிற்கும். மெட்டு பாடுவோரின் தொண்டையில் நிற்கும். பாடுவோர் மறைந்தால் மெட்டும் மறையும்.

இதனால் கிருஷ்ணையரின் பாடல்கள் இன்று இருவகையாக உள்ளன. சில பதங்கள் சொல்லும் மெட்டும் சேர்ந்து வாழ்கின்றன. பைரவி ராகத்தில் அமைந்த 'வேலவரே' என்னும் பதம் அவ்வகையைச் சேர்ந்தது. வீணை தனம்மாள் (1867–1938) குடும்பத்தினர் பதங்களைத் தலைமுறையாகப் போற்றிப் பாடி வந்தனர். அக்குடும்பத்தின் பிருந்தா, முக்தா சகோதரிகளின் பாட்டும், பாலசரஸ்வதியின் அபிநயமும் பத மரபுக்குப் புதிய மதிப்பைத் தேடித் தந்தன. மற்றப் பாடல்கள் அச்சில் மட்டும் இருக்கின்றன. அவற்றை இன்று பாட விரும்புவோர் ராகத்தையும் தாளத்தையும் கொண்டு புதிதாக மெட்டமைக்க வேண்டும். அப்படி அமைப்பது கிருஷ்ணையரின் சொல்லுக்கு இன்னொருவர் தரும் இசையே ஆகும்.

கன மார்க்கம் முற்றிலும் மறைந்துவிட்டது. அதைப் பற்றிய வருணனைகள் கிடைக்கின்றன; அதைக் கேட்பதற்கு வழியில்லை. எந்தப் பாடுமுறையால் அவர் 'கனம்' என அழைக்கப்பட்டாரோ, அந்தப் பாடுமுறையே அவரிடமிருந்து நமக்கு வந்து சேராதது.

1940-களில் எழுந்த தமிழிசை இயக்கம் தமிழ்ப் பாடல்களைத் தேடிச் சேர்த்துச் சுரக்குறிப்போடு வெளியிடும் பணியை முன்னெடுத்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1943-இல் சென்னையில் தொடங்கிய தமிழ் இசைச் சங்கமும் அதில் பெரும் பங்காற்றின. சொல்லை மட்டும் காத்தால் போதாது, மெட்டையும் காக்க வேண்டும் என்ற தெளிவு அப்பணியில் இருந்தது. கிருஷ்ணையரின் வரலாறு தரும் பாடமும் அதுவே. இன்று ஒலிப்பதிவுக் கருவி எல்லோர் கையிலும் உள்ளது. அரியலூர், பெரம்பலூர் ஊர்களில் கூத்துப் பாட்டு, பஜனைப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடுவதைச் சொல்லோடும் இசையோடும் இப்போதே பதிவு செய்தால், எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் நினைவை மட்டும் நம்பித் தேட வேண்டிய நிலை வராது.