கல்லறையில் பிறந்த பிள்ளை

2008 ஜனவரியில் ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சியில் ஒரே பெயர் கொண்ட இரண்டு சிறுவர்கள் உலவிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருபவன் நல்ல பிள்ளை. பேய்களிடம் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுவான். வியாழக்கிழமை பின்னிரவில் வருபவனுக்கு அந்த அக்கறையெல்லாம் கிடையாது. எதிரே ஒருத்தன் நாசமாகப் போனாலும் பல்லை இளித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். இரண்டு பேருமே கிதாரோதான். இரண்டுமே மிஸுகி ஷிகெரு என்ற ஒரே ஓவியரின் படைப்பிலிருந்து வந்தவை.

பின்னிரவுத் தொடரின் பெயர் 'ஹகாபா கிதாரோ'. கல்லறைக் கிதாரோ என்று சொல்லலாம். மொத்தமே 11 பகுதிகள். திகில் அனிமே என்று பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள். ஆனால் நான் பார்த்த இருண்ட தொடர்களில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது இதைத்தான். திடுக்கென்று கத்திப் பயமுறுத்துவது இதன் வழி இல்லை. ஈரம் ஏறிய பழைய தாள் மாதிரி ஒரு நிறம், அழுக்கான சந்துகள், ஒழுகும் கூரை, எப்போதும் எதற்காவது அலையும் மனிதர்கள். அவ்வளவுதான். அப்படின்னா இது ஏன் இவ்வளவு பிடிச்சுப் போகுது? அதற்குப் பதில் தேடினால், தொலைக்காட்சியே இல்லாத காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் பழைய நாட்டுக்கதை ஒன்று உண்டு. இரவில் மிட்டாய்க் கடைக்கு வெளிறிய முகத்தோடு ஒரு பெண் வருகிறாள். ஒரு காசு கொடுத்து மிட்டாய் வாங்கிப் போகிறாள். இப்படி ஆறு இரவுகள். ஏழாவது இரவு அவளிடம் காசு இல்லை. கடைக்காரர் பின்னாலேயே போகிறார். அவள் கல்லறைகளுக்கு நடுவே மறைந்துபோகிறாள். மண்ணுக்கடியில் குழந்தை அழுகிற சத்தம். தோண்டினால், செத்துப்போன தாயின் பக்கத்தில் உயிரோடு ஒரு பிள்ளை, வாயில் மிட்டாய். இறந்தவர்கள் மறுமையின் ஆற்றைக் கடப்பதற்காகச் சவப்பெட்டியில் ஆறு காசு வைப்பது அங்கே வழக்கம். தாய் தன் வழிச்செலவைப் பிள்ளையின் பசிக்குச் செலவழித்துவிட்டாள். கியோட்டோவில் இந்தக் கதையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் மிட்டாய்க் கடை இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையை 1930களில் தெருவுக்குக் கொண்டுவந்தது கமிஷிபாய். காகித நாடகம் என்று பொருள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் வேலை போனவர்கள் பலர் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். சைக்கிளின் பின்னால் ஒரு மரச்சட்டம், அதற்குள் கையால் வரைந்த படங்கள். தெருமுனையில் நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் பிள்ளைகள் ஓடிவருவார்கள். கதைசொல்லி முதலில் மிட்டாய் விற்பார். வாங்கியவர்கள் முன்வரிசை. காசு இல்லேன்னா பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். அவருக்குக் கதை இலவசம், மிட்டாய்தான் சோறு. அந்தக் கூட்டத்துக்காக இதோ மசாமி என்பவர் எழுதிய தொடரில்தான் கல்லறையில் பிறந்த கிதாரோ முதன்முதலில் வந்தான். மிட்டாய் வாங்கப் பேயாக வந்த தாயின் கதையை, மிட்டாய் விற்றுப் பிழைக்கிற ஆள், மிட்டாய்க்குக் காசில்லாத பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறார். இந்தப் பேய்க்கதைக்கு அடியில் இருந்தது பசிதான்.

மிஸுகி ஷிகெரு 1922இல் பிறந்தவர். தோத்தோரி மாவட்டத்தின் கடலோர ஊரான சகாய்மினாதோவில் வளர்ந்தார். வீட்டுக்கு வந்துபோன ஒரு கிழவி சொன்ன பேய்க்கதைகளே அவருக்குப் பள்ளிக்கூடம். 1943இல் ராணுவம் அவரை இழுத்துக்கொண்டு போய் நியூ பிரிட்டன் தீவில் ரபாவுல் பக்கம் இறக்கியது. அங்கே ஒரு முன்காவல் நிலையில் அவருடைய சிறு பிரிவு முழுவதும் தாக்குதலில் செத்தது. அவர் மட்டும் தப்பித்துக் காட்டிலும் கடலிலும் அலைந்து திரும்பி வந்தார். வந்தவரை மேலதிகாரி வரவேற்கவில்லை, எல்லோரும் செத்தபோது நீ ஏன் உயிரோடு வந்தாய் என்று கடிந்துகொண்டார். பிறகு மலேரியாவில் கிடந்தபோது விமானக் குண்டுவீச்சில் இடது கை போயிற்று. உயிரோடு இருப்பதே குற்றம் என்று ஒருவனிடம் சொல்லப்பட்டால், அதற்குப் பிறகு அவனைப் பயமுறுத்தப் பேயிடம் என்ன பாக்கி இருக்கும்?

ஊர் திரும்பியவர் கொஞ்ச காலம் கோபேயில் கமிஷிபாய் ஓவியராக இருந்தார். 1954இல் அங்கேதான் பழைய கிதாரோவை மறுபடி வரையத் தொடங்கினார். ஆனால் 1953இல் தொலைக்காட்சி வந்துவிட்டிருந்தது. அதை ஆரம்பத்தில் மின்சாரக் கமிஷிபாய் என்றே சிலர் அழைத்தார்கள். அந்த மின்சாரக் கமிஷிபாய் தெருவிலிருந்த காகிதக் கமிஷிபாயைத் தின்று தீர்த்தது. மிஸுகி தோக்கியோ போய், வாடகைக்குப் புத்தகம் விடும் கடைகளுக்காக மங்கா வரைந்தார். ஒற்றைக் கை, குறைந்த கூலி, பாதி வயிறு. 1960இல் அந்த மலிவுத் தாளில்தான் நாம் அறிந்த கிதாரோ பிறந்தான்.

அந்தப் பிறப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ரத்த வங்கி ஒன்றிலிருந்து ரத்தம் ஏற்றப்பட்ட நோயாளிக்கு விபரீதம் நடக்கிறது. யார் விற்ற ரத்தம் இது என்று தேடிப்போகிற ஊழியனின் பெயரும் மிஸுகி. பாழடைந்த கோயிலில் ஒரு தம்பதியைக் கண்டுபிடிக்கிறான். மனிதர்களுக்கு முன்பே பூமியில் வாழ்ந்து, மனிதர்களால் விரட்டப்பட்ட பேய்க் குலத்தின் கடைசி இருவர். கணவனுக்குத் தீராத நோய். மனைவி கர்ப்பிணி. பிழைக்க வழியில்லாமல் ரத்தத்தை விற்றிருக்கிறாள். இருவரும் சாகிறார்கள். புதைத்த தாயின் கல்லறையிலிருந்து குழந்தை ஊர்ந்து வெளியே வருகிறது. மிஸுகி பயத்தில் அதைத் தூக்கி எறிய, கல்லறைக் கல்லில் மோதி இடது கண் போகிறது. தகப்பனின் அழுகிய உடலிலிருந்து ஒற்றைக் கண்விழி மட்டும் நழுவி, கைகால் முளைத்து, பிள்ளையைக் காக்கப் புறப்படுகிறது.

ரத்தம் விற்பது என்பது கதைக்காகக் கட்டிய சங்கதி இல்லை. போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஏழைகள் நிஜமாகவே ரத்தம் விற்றுச் சாப்பிட்டார்கள். 1964இல் அமெரிக்கத் தூதர் ரைஷாவர் கத்திக்குத்துப் பட்டு, ஏற்றிய ரத்தத்தால் மஞ்சள் காமாலை கண்ட பிறகுதான் அரசாங்கம் ரத்த தானத்தின் பக்கம் திரும்பியது. 1960 என்பது வருமானத்தை இரட்டிப்பாக்குவோம் என்று அரசு திட்டம் போட்ட வருஷம். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு முடவர், ரத்தம் விற்கும் பேய்த் தாயை வரைந்துகொண்டிருந்தார்.

1965இல் கிதாரோ பெரிய வார இதழுக்குப் போனான். தொலைக்காட்சி கேட்டபோது தலைப்பிலிருந்த கல்லறை இடைஞ்சலாயிற்று. பெயர் 'கெகெகெ நோ கிதாரோ' ஆனது. சின்ன வயதில் மிஸுகி ஷிகெருவுக்குத் தன் பெயரை ஒழுங்காகச் சொல்ல வராது. அந்த மழலையிலிருந்து வந்ததுதான் கெகெகெ. 1968இல் அனிமே. வாடகைப் புத்தகத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டு திரிந்தவன் குழந்தைகளின் காவலன் ஆனான். 1971, 1985, 1996, 2007, 2018 என்று தலைமுறைதோறும் வந்துகொண்டே இருந்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நல்ல கிதாரோ மிஸுகியின் வீட்டில் அடுப்பெரிய வைத்தான்.

ஆனால் 2008இல் கல்லறை திரும்பி வந்தது. குரல் கொடுத்தவர் நொஸாவா மசாகோ. டிராகன் பால் தொடரில் கோகுவுக்குப் பேசுபவர். 1968இல் நல்ல கிதாரோவாகப் பேசியவரும் இவரே. நாற்பது வருஷத்துக்கு முன் தன்னைக் காப்பாற்றிய அதே குரல், இப்போது தன்னைப் பார்த்துச் சிரிப்பதை ஜப்பானியர்கள் கேட்டார்கள். இந்தத் தொடரில் மனிதர்கள் பேய்களால் அழிவதைவிடத் தங்கள் ஆசையால் அழிவதே அதிகம். எலி மனிதன் என்றொரு பாத்திரம் காசு வருமென்றால் எதையும் யாரையும் விற்பான். அவனை வெறுக்க முடியவில்லை. அவனும் பசித்தவன்.

இந்த இருட்டின் கவர்ச்சி எங்கே என்றால், அது பொய் சொல்வதில்லை என்பதில். பகல்நேரக் கதைகள் 'எல்லாம் சரியாகிவிடும்' என்கின்றன. இது 'உனக்கு முன்னால் செத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பசித்தது' என்கிறது. கஷ்டம் தெரிந்தவனுக்கு அது ஆறுதலாகக்கூட இருக்கும்.

மிஸுகி 2015 நவம்பரில் 93 வயதில் காலமானார். 2023இல் அவருடைய நூற்றாண்டை ஒட்டி 'கிதாரோ பிறப்பு' திரைப்படம் வந்தது. கதை 1956இல் நடக்கிறது. ரத்த வங்கி ஊழியன் மிஸுகி இதில் தென்கடல் போரில் சாகாமல் திரும்பிய சிப்பாய். பேய்க் குலத்தின் ரத்தத்தை மருந்தாக்கிப் பணம் பண்ணும் ஒரு குடும்பம் அவன் எதிரே நிற்கிறது. கடைசியில் அதே கல்லறை, அதே மழை, அதே குழந்தை. 1960இல் வீசி எறிந்த கைகள் இங்கேயும் குழந்தையை ஓங்குகின்றன. பிறகு அதை மார்போடு அணைத்துக்கொள்கின்றன.