ஜோகன்னஸ்பர்க் இறுதியாட்டம்: ஓர் ஆதரவாளர் நோக்கு

உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தின் இறுதியாட்டங்களுள் சில, வென்ற நாட்டின் பெயரால் நினைக்கப்படுகின்றன. சில, ஒரே ஒரு கோலின் அழகால் நிலைபெற்றிருக்கின்றன. 2010ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் நெதர்லாந்தும் ஸ்பெயினும் எதிர்நின்ற இறுதியாட்டமோ, நடுவர் சட்டைப் பையிலிருந்து வெளிப்பட்ட அட்டைகளால் நினைக்கப்படுகிறது. மஞ்சள் அட்டைகள் 14. சிவப்பு அட்டை ஒன்று. அதற்கு முன்னர் இறுதியாட்டம் ஒன்றில் காட்டப்பட்ட மஞ்சள் அட்டைகளின் உச்ச எண்ணிக்கை 6 தான். 1986இல் அர்ஜென்டினாவும் மேற்கு ஜெர்மனியும் ஆடியபோது அந்த எண் எட்டப்பட்டது. 24 ஆண்டுகள் நிலைத்திருந்த அதனை ஒரே இரவில் இரு மடங்கிற்கும் மேலாகத் தாண்டிவிட்டனர்.

அவ்விரவில் நாம் நெதர்லாந்தின் பக்கம் இருந்தோம். ஆதலின் இக்கட்டுரையை நடுநிலையாளர் எழுதிய வரலாறு என்று அன்பர்கள் கொள்ள வேண்டா. ஆதரவாளன் ஒருவன் தான் விரும்பிய அணியின்மீதே தொடுக்கும் வழக்கு என்று கொள்ளலாம்.

கொல்கத்தாவில் வாழும் தமிழர்க்குக் கால்பந்தாட்டத்தின் பெருமையை எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். உலகக் கோப்பை ஆண்டு வந்துவிட்டால் இந்நகரத்துச் சந்துகளில் ஒரு பாதி பிரேசிலின் மஞ்சளாகவும் மறு பாதி அர்ஜென்டினாவின் வெளிர்நீலமாகவும் மாறிவிடும். நெதர்லாந்தின் ஆரஞ்சு நிறத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வாறிருக்க, அந்த அணியின்மீது நமக்கு ஏன் இத்துணை ஈடுபாடு? நாம் பிறப்பதற்கு முன்னரே முடிந்துபோன ஓர் ஆட்டமே அதற்குக் காரணம்.

1974ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மியூனிக் நகரில் அந்த இறுதியாட்டம் நடந்தது. ரீனுஸ் மிகெல்ஸ் பயிற்றுவிக்க, யோகான் கிரைஃப் தலைமை தாங்க, நெதர்லாந்து அணியினர் புதியதோர் ஆட்டத்தை உலகிற்குக் காட்டியிருந்தனர். ‘முழுமை ஆட்டம்’ என்று அதற்குப் பெயர். தற்காப்பவர் முன்னேறினால் முன்வரிசையாளர் பின்னே வந்து அவ்விடத்தை நிரப்புவார். பத்துப் பேரும் பத்து இடங்களுக்கும் உரியவர். அன்று ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர்கள் அவர்களே. ஜெர்மானியர் ஒருவரும் பந்தைத் தொடுமுன்னரே அது கால் மாறிக் கால் மாறிச் சென்று கிரைஃபிடம் சேர்ந்தது; அவர் வீழ்த்தப்பட்டார்; பெனால்டி உதையை நீஸ்கென்ஸ் கோலாக்கினார். முதல் ஜெர்மானியர் பந்தைத் தொட்டது வலைக்குள்ளிருந்து அதனை எடுப்பதற்காகத்தான். இவ்வளவு நேர்த்தியாகத் தொடங்கியவர்கள் 2–1 எனத் தோற்றனர். 1978இல் பியூனஸ் அயர்ஸில் மீண்டும் இறுதியாட்டம்; கிரைஃப் அம்முறை அணியில் இல்லை. 1–1 என்றிருந்த நிலையில், குறித்த நேரத்தின் கடைசிக் கணத்தில் ரென்சென்பிரிங்க் தட்டிய பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா 3–1 என வென்றது.

இரு முறை தோற்றும் பலருடைய அன்பைப் பெற்ற அணி அது. கோப்பை இல்லாத குறையை ஆட்டத்தின் அழகு ஈடு செய்தது என்று நம்பியவர்களுள் நாமும் ஒருவர்.

இனி, எதிரணியின் கதைக்கு வருவோம். நெதர்லாந்தின் இந்த ஆட்டக்கலை பிறந்த வீட்டோடு நிற்கவில்லை. மிகெல்ஸ் 1971இலேயே ஸ்பெயினின் பார்சலோனா கழகத்திற்குப் பயிற்றுநராகச் சென்றார். 1973இல் கிரைஃப் அங்கே ஆடச் சென்றார். பின்னர் 1988 முதல் 1996 வரை கிரைஃபே அக்கழகத்தின் பயிற்றுநராக இருந்து, பந்தைத் தன்வசம் வைத்திருத்தல், குறுகிய தூரத்தில் மாற்றிக் கொடுத்தல், எந்நேரமும் இடம் அறிந்து நிற்றல் ஆகியவற்றைச் சிறுவர் பயிற்சிப் பள்ளி வரை பதிய வைத்தார். அப்பள்ளியில் வளர்ந்தவர்களே சாவியும் இனியெஸ்தாவும். (பெயரின் முதலிலேயே ‘இனிய’ என்ற சொல்லைத் தாங்கி வரும் ஆட்டக்காரரை எதிரணியில் வைத்து வெறுப்பது தமிழருக்குச் சற்றுக் கடினம்.) ஜோகன்னஸ்பர்க்கில் ஸ்பெயின் சார்பில் முதலில் களம் இறங்கிய 11 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் பார்சலோனாக் கழகத்தார். ஆக, நெதர்லாந்துக் கலையைக் கற்ற ஸ்பானியர் ஒரு பக்கம். அதனைக் கைவிட்ட நெதர்லாந்தினர் மறு பக்கம். பிறந்த ஊரில் மறந்துபோன வழக்கம் குடிபெயர்ந்த ஊரில் பேணப்படுவதை நம் குடும்பங்கள் அறியும். அவர்களுக்கு இந்நிலை விளக்கமின்றியே புரியும்.

கைவிட்டனர் என்பது கடுஞ்சொல்லா? அவ்வாண்டு நெதர்லாந்து அணி வலுவற்றதன்று. தகுதிச் சுற்றில் ஆடிய 8 ஆட்டங்களிலும், தென்னாப்பிரிக்காவில் இறுதிக்கு முன் ஆடிய 6 ஆட்டங்களிலும் வென்றே வந்திருந்தனர்; காலிறுதியில் பிரேசிலையே 2–1 என வீழ்த்தினர். ஸ்பெயினோ முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் தோற்று, பிற்சுற்றுகளில் ஒவ்வொரு ஆட்டத்தையும் 1–0 என்றே கடந்து வந்த அணி. எனினும் பயிற்றுநர் வான் மார்வெய்க் ஒரு கணக்குப் போட்டார். பந்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஸ்பெயினோடு பந்துக்காகப் போட்டியிட்டால் வெல்ல இயலாது; அவர்களது தாளத்தைக் குலைக்க வேண்டும். அதற்கென நடுக்களத்தில் இருவர் நின்றனர்: வான் போமெல், டி ஜோங். முன்னவர் பயிற்றுநரின் மகளை மணந்தவர். மாமனார் சொல்லை மருமகன் இத்துணை உண்மையாய் நிறைவேற்றிய காட்சியை உலகம் அரிதாகவே கண்டிருக்கும்!

தாளத்தைக் குலைக்கும் இம்முறை நுட்பமானது. பந்தைப் பெற்றவர் திரும்புமுன் காலைத் தட்டிவிடுவது. ஆட்டம் நின்றதும், எதிரணி மீண்டும் தொடங்குவதற்குள் தம்மவர் அனைவரும் இடம் சேர்ந்துவிடுவது. ஒருவரே தொடர்ந்து செய்தால் வெளியேற்றப்படுவார். ஆதலின் குற்றத்தைப் பலரும் பங்கிட்டுக்கொள்வர். நடுவர் ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிறு பிழைகள். சேர்த்துப் பார்த்தால் ஒரு திட்டம். நம் ஊர்ச் சிறுவர்கள் இதனை ‘அழுகுணி ஆட்டம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இந்திய நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு ஆட்டம் தொடங்கியது. விடிந்தால் திங்கட்கிழமை, அலுவலகம் உண்டு. ஆயினும் உறக்கம் யாருக்கு வரும்? 15ஆம் நிமிடத்தில் வான் பெர்சிக்கு முதல் மஞ்சள் அட்டை. அடுத்த நிமிடமே ஸ்பெயினின் புயோலுக்கு. 22ஆம் நிமிடத்தில் வான் போமெல் பின்புறமிருந்து சறுக்கி வந்து இனியெஸ்தாவின் கால்களை வாரினார், மஞ்சள் அட்டை. அடுத்து ராமோசுக்கு. பின்னர் 28ஆம் நிமிடம் வந்தது. உயரத்திலிருந்து இறங்கிய பந்தைத் தலையால் தட்ட முனைந்த சாபி அலோன்சோவின் மார்பில், டி ஜோங்கின் உயர்ந்த காற்காலணி, அடிப்பக்கத்து முளைகளோடு நேராகப் பாய்ந்தது. அலோன்சோ சுருண்டு விழுந்தார். நம் வீட்டுக் கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. நம் அணிக்காரரைக் களத்தை விட்டு அனுப்புங்கள் என்று நம் உள்ளமே சொல்லிற்று. நடுவர் காட்டியதோ மஞ்சள்.

நடுவர் ஹோவர்ட் வெப் இங்கிலாந்து நாட்டவர். காவல்துறையில் சார்ஜண்டாகப் பணியாற்றியவர். 1974 இறுதியாட்டத்தை நடத்திய ஜாக் டெய்லருக்குப் பின் இறுதியாட்டத்திற்கு நடுவரான முதல் ஆங்கிலேயர். அந்தக் கணத்தில் பார்வை மறைக்கப்பட்டிருந்தது என்றும், பின்னர்ப் படத்தைக் கண்டபோது அது சிவப்பு அட்டைக்குரிய குற்றமே என்றும் அவரே கூறியிருக்கிறார். அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. அரை மணி நேரத்திற்குள் ஐந்து எச்சரிக்கை கொடுக்க நேர்ந்த நடுவர் வேறு எவ்வாறு ஆட்டத்தைக் காப்பார்?

இவ்வட்டைகளின் வரலாறும் அறியத்தக்கது. 1962இல் சாந்தியாகோவில் சிலியும் இத்தாலியும் அடிதடியாய் ஆடிய ஆட்டத்தின் நடுவர் கென் ஆஸ்டன் என்னும் ஆங்கிலேயர். 1966இல் இங்கிலாந்து – அர்ஜென்டினா ஆட்டத்தில், வெளியேற்றப்பட்ட ரத்தின், ஜெர்மானிய நடுவரின் மொழி புரியாமல் களத்தை விட்டு அகல மறுத்துப் பெருங்குழப்பம் விளைந்தது. அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாளராயிருந்த ஆஸ்டன், காரில் செல்கையில் சாலை விளக்குகளைக் கண்டு, எம்மொழியினர்க்கும் விளங்கும் மஞ்சளையும் சிவப்பையும் தேர்ந்தார். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. மொழி அறியாத ஊரில் வாழ்பவர்க்கு இத்தகைய அடையாளங்களின் அருமை தெரியும்.

நம் புறப்பொருள் இலக்கணத்தில் ‘தழிஞ்சி’ என்றொரு துறை உண்டு. புறங்காட்டியவர்மேல் படைக்கலம் ஓச்சாத மறப்பண்பை அது பேசும். வாளேந்திய போருக்கே அப்படியோர் எல்லை வகுத்தவர்கள், முதுகு காட்டி நிற்பவன் காலை வாரும் விளையாட்டு வீரனை எத்துறையில் வைத்திருப்பார்களோ! ஸ்பெயின் அணியினரைத் தூயவர் என்று நாம் சொல்லவில்லை. அவர்களும் 5 மஞ்சள் அட்டை பெற்றனர். தொட்டால் விழுந்து புரண்டவரும் அவர்களுள் உண்டு. இனியெஸ்தாவே ஒருமுறை பொறுமை இழந்து வான் போமெலைத் தள்ளினார். ஆனால் 9 அட்டைகள் நம்மவருடையவை.

இத்தனைக்கும் நடுவே வெற்றி நம் கைக்கெட்டும் தொலைவில் வந்தது என்பதுதான் வேதனை. 62ஆம் நிமிடம். ஸ்னைடர் பிளந்து கொடுத்த பந்தோடு ஆர்யென் ராபன் தனியே ஓடினார். எதிரே கோல்காவலர் காசியாஸ் மட்டும். காசியாஸ் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்; ராபன் மறுபக்கம் அடித்தார். சாய்ந்தவரின் நீட்டிய கால் நுனியில் பட்டுப் பந்து வெளியே போயிற்று. 83ஆம் நிமிடத்தில் மீண்டும் ராபன் புயோலைக் கடந்தார். புயோல் அவரைப் பிடித்து இழுத்தார். ராபன் விழவில்லை, தொடர்ந்து ஓடினார், காசியாஸ் பந்தைக் கைப்பற்றிவிட்டார். விழுந்திருந்தால் புயோல் இரண்டாம் அட்டை பெற்று வெளியேறியிருக்கக் கூடும். அடிக்கடி விழுபவர் என்று பெயரெடுத்த ராபன், நேர்மையாய் நின்று ஓடிய அந்த ஒருமுறை பெற்ற பரிசு, நடுவரிடம் வாதிட்டதற்கான மஞ்சள் அட்டை! நாமும் நம் தொலைக்காட்சிப் பெட்டியிடம் வாதிட்டோம்; நமக்கு அட்டை காட்ட ஆளில்லை.

கூடுதல் நேரத்தில் 109ஆம் நிமிடம் ஹைட்டிங்கா, இனியெஸ்தாவை இழுத்து இரண்டாம் மஞ்சள் பெற்று வெளியேறினார். இறுதியாட்டங்களின் வரலாற்றில் வெளியேற்றப்பட்ட ஐந்தாமவர் அவர். 10 பேராயினர். சற்று நேரத்தில் ஸ்னைடர் உதைத்த பந்து ஸ்பானியர் அரணில் பட்டுக் கோட்டைக் கடந்தது. அது நெதர்லாந்துக்குரிய மூலை உதை. நடுவர் குழுவின் கண்ணுக்குத் தப்பியது. பந்து ஸ்பெயினுக்குச் சென்றது. அங்கிருந்து தொடங்கிய நகர்வின் முடிவில், ஃபாப்ரெகாஸ் தந்த பந்தை இனியெஸ்தா 116ஆம் நிமிடத்தில் வலைக்குள் செலுத்தினார். 1–0.

அந்த மூலை உதையைச் சொல்லி இன்றளவும் அழும் நெதர்லாந்து ஆதரவாளர் உளர். குறை நியாயமானதே. ஆனால் 28ஆம் நிமிடம் முதல் நம் அணி 10 பேரோடு ஆடியிருக்க வேண்டியது என்பதை யார் கணக்கில் வைப்பது?

வேறொரு வாதமும் உண்டு. ‘1974இலும் 1978இலும் அழகாய் ஆடித் தோற்றோம், அழகுக்குக் கோப்பை கிடைக்காது, முறைகேடாயினும் வென்றிருந்தால் யார் நினைவில் வைப்பார்?’ என்பர். சிறு நாட்டினர், மும்முறை வாசல் வரை சென்று திரும்பியவர், இவ்வாறு ஏங்குவதை நாம் இகழோம். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்க் கரைகளில் ஆரஞ்சு உடை அணிந்த பெருங்கூட்டம் தோற்ற அணியைப் படகில் வரவேற்றதைக் கண்டபோது நம் கண்களும் கலங்கின. எனினும் அந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. அழகாய் ஆடித் தோற்ற அணியைப் பற்றி, அது நிகழ்ந்தபின் பிறந்த ஒருவன், கடல் கடந்த நாட்டில், வேற்று மொழியில் கட்டுரை எழுதுகிறான். ஜோகன்னஸ்பர்க்கில் அவர்கள் வென்றிருந்தால் எழுதியிருப்பானா என்பது ஐயமே. கிரைஃபும் பொறுக்கவில்லை. பார்சலோனா நாளிதழ் ஒன்றில், தம் நாட்டு அணி கால்பந்தாட்டத்திற்கே எதிரான ஆட்டம் ஆடிற்று என்ற பொருள்படக் கடிந்து எழுதினார். 2016இல் அவர் மறைந்த பின்னர் ஆம்ஸ்டர்டாமின் பெரிய விளையாட்டரங்கிற்கும் பார்சலோனாக் கழகத்தின் சிறிய அரங்கிற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

அந்த 14 அட்டைகளுள் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டோம். கோல் அடித்ததும் இனியெஸ்தா மேற்சட்டையைக் கழற்றினார். உள்ளாடையில், டானி ஹார்க்கே என்றும் நம்மோடு இருக்கிறார் என்ற பொருளில் கையால் எழுதிய வரி இருந்தது. ஹார்க்கே, பார்சலோனா நகரின் மற்றொரு கழகமான எஸ்பான்யோலின் அணித்தலைவர். இளம்பருவத்தில் ஸ்பெயினின் இளையோர் அணிகளில் இனியெஸ்தாவோடு ஆடியவர். 2009 ஆகஸ்டில், 26 வயதில், இதயம் நின்று இறந்தவர். மேற்சட்டையைக் கழற்றுதல் விதிப்படி குற்றம். வெப் 118ஆம் நிமிடக் கணக்கில் இனியெஸ்தாவுக்கு மஞ்சள் அட்டை காட்டினார். டி ஜோங்கின் உதைக்குக் காட்டிய அதே நிற அட்டை.

அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் பார்சலோனா அணி எஸ்பான்யோலின் அரங்கிற்கு ஆடச் சென்று 5–1 என வென்றது. நகரப் பகை நெடுநாளையது. ஆயினும் இனியெஸ்தாவைக் கண்ட எஸ்பான்யோல் ஆதரவாளர்கள் இருக்கையை விட்டு எழுந்து நின்று கை தட்டினர்.