காணி கைமாறியபோது: உருளவள்ளித் தோட்ட வெளியேற்றமும் குடியிருப்புரிமையும்

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தையே அம்மக்களின் இடர்களுக்குத் தொடக்கமாகக் கொள்வர். குடியுரிமை பறிக்கப்பட்டமை பெருங்கேடு என்பதில் ஐயமில்லை. ஆயின், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, வாழும் மனையில் தொழிலாளிக்கு என்ன உரிமை உண்டு என்ற வினா கேகாலை மாவட்டத் தோட்டமொன்றில் எழுந்துவிட்டது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோப்பி, தேயிலை, இறப்பர் ஆகிய பயிர்களுக்கென வந்த தொழிலாளர் குடியமர்த்தப்பட்ட லயன் அறைகள் தோட்டத்தின் உடைமைகளாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினதான ஓர் அறையிலே ஒரு குடும்பம் பிறந்து, வளர்ந்து, முதிர்ந்தது. எனினும் அவ்வறைக்கு வாடகைச் சீட்டும் இல்லை, உறுதியும் இல்லை. செக்றோலில் பெயர் உள்ளவரை அறை உண்டு. பெயர் வெட்டப்பட்டால் அறையும் போயிற்று. வேலையும் மனையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. ஆகையால், காணி வேறொருவர் கைக்கு மாறும்பொழுது தொழிலாளி இரண்டையும் ஒருசேர இழக்க நேர்ந்தது.

உருளவள்ளி எனத் தமிழர் வழங்கும் நேவ்ஸ்மியர் தோட்டத்தில் 1946இல் நிகழ்ந்தது இதுவே. கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. காணி அமைச்சு அக்காலத்தில் டி. எஸ். சேனநாயக்காவின் பொறுப்பில் இருந்தது. தோட்டத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் வேலை நிறுத்தப்பட்டு, லயன்களை விட்டு வெளியேறுமாறு அறிவித்தலும் விடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேற மறுத்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அவர்கள் பக்கம் நின்றது. பிற தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பரவியது. மறுத்தோர்மீது அத்துமீறல் குற்றம் சாட்டப்பட்டது.

இங்கு ஒன்றை நேர்மையுடன் கூறுதல் வேண்டும். கேகாலைச் சிங்களக் குடியானவனின் காணிப் பசி பொய்யன்று. பெருந்தோட்டங்கள் சூழ்ந்து நெருக்கிய கிராமங்கள் விரிவடைய இடமின்றித் தவித்தன. ஆயின், அக்குறையைத் தீர்ப்பதற்குக் கொடுக்கப்பட்ட விலையைத் தோட்ட முதலாளி செலுத்தவில்லை. சுவீகரிப்பில் அவருக்கு நட்டஈடு உண்டு. விலையைச் செலுத்தியவன் காணியில் ஓரங்குலமும் சொந்தமில்லாத தொழிலாளியே. ஏழை ஒருவனுக்குக் காணி வழங்க மற்றோர் ஏழையின் மனை எடுக்கப்பட்டது. அரசாங்கம் மாற்றுக் குடியிருப்பை முதற்கண் ஏற்பாடு செய்திருப்பின் இவ்விரு சாராரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

இவ்விவகாரம் நீதிமன்றங்களின் வழியே இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. 1950இல் அக்கழகம் வகுத்த நெறி இன்றும் சட்ட மாணவரால் கற்கப்படுகின்றது. ஒருவர் தங்கியிருப்பதால் பிறருக்குத் தொல்லை விளையும் என்பதை அவர் அறிந்திருத்தல் மட்டும் குற்றமாகாது. தொல்லை தருவதே அவரது பிரதான நோக்கமாக இருத்தல் வேண்டும் என்பதே அந்நெறியாகும். தன் வாழ்நாளெல்லாம் கழிந்த இடத்தைவிட்டுப் போக மறுப்பவனின் நோக்கம் தன் மனையைக் காத்துக்கொள்வதே என்று நீதியரசர்கள் கண்டனர். எனினும், இந்நெறி தொழிலாளியைக் குற்றவாளி என்னும் பெயரிலிருந்து காத்ததேயன்றி மனைமீது உரிமை எதனையும் அளிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அக்குறை நீடித்தமையின் விளைவைப் பின்வந்த காலம் காட்டியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. முற்போக்கானவை என வரவேற்கப்பட்ட இச்சட்டங்களின் நடைமுறையிலே பல தோட்டங்களில் தொழிலாளர் வேலையும் இருப்பிடமும் இழந்தனர். ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குச் சென்று காடு வெட்டிக் குடியேறினர். நுவரெலியாப் பகுதியில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்க எடுக்கப்பட்ட முயற்சிக்கு எதிரான போராட்டத்தில், 1977 மே 11இல், டெவன் தோட்டத் தொழிலாளி சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். உருளவள்ளியில் விடையின்றி விடப்பட்ட வினா முப்பதாண்டுகளின் பின் ஓர் உயிரைக் கொண்டது.

2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது. பிற்காலத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்னும் திட்டமும் தொடங்கப்பட்டது. ஆயினும், லயன்களில் வாழும் குடும்பங்கள் இன்றும் பல. வாக்குரிமை பெற்ற ஒருவர் தாம் உறங்கும் அறைக்கு உறுதி பெறாதிருப்பாராயின், அவரது குடியுரிமை பாதியளவினதே. ஆகவே, மலையகத்தின் காணியுரிமை வரலாற்றை 1948இலிருந்து அன்று, 1946இலிருந்தே எழுதத் தொடங்குதல் பொருத்தமானதாகும்.