மலேரியாவும் உடலின் சீனிக் கணக்கும்

வன்னியில் இடம்பெயர்ந்து வாழ்ந்த காலத்தில் மலேரியாக் காய்ச்சலை அறியாத குடும்பங்கள் எம்மிடையே குறைவு. நடுக்கமும் குளோரோகுயின் குளிசையின் கசப்பும் பலருக்கு நினைவிருக்கும். காய்ச்சல்காரரைப் பட்டினி போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதும் நினைவிருக்கும். அது சரியா? நாம் மருத்துவம் படித்தவர்கள் அல்லர், வணிகம் படித்துக் கணக்கு எழுதுபவர்கள். ஆனாலும் இதில் ஒரு வரவு செலவு இருப்பதால் தேடி வாசித்தோம்.

மலேரியா ஒட்டுண்ணி செங்குருதிக் கலத்துக்குள் இருந்து வளர்கிறது. தொற்றிய கலம் சாதாரண கலத்தைவிடப் பல மடங்கு குளுக்கோஸைச் செலவழிக்கும். அதில் பெரும்பகுதியை லக்டிக் அமிலமாக வெளியே விடும். இதனால் இரத்தத்தில் சீனி குறைய, அமிலம் கூடுகிறது.

இதை ஆராய எலிகள் பயன்படுகின்றன. 1948இல் பெல்ஜியக் கொங்கோவின் கட்டாங்கா பகுதியில், காட்டு எலிகளில் பிளாஸ்மோடியம் பெர்கை என்ற ஒட்டுண்ணி கண்டறியப்பட்டது. பின்னர் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் பிளாஸ்மோடியம் சபோடி கிடைத்தது. இவை தொற்றிய ஆய்வுகூட எலிகள் சாப்பாட்டைக் குறைக்கின்றன. ஈரலில் சேமித்த கிளைக்கோஜன் தீர்கிறது. உடல் கொழுப்பைக் கரைத்துச் சமாளிக்கிறது. கடும் தொற்றில் சில எலிகளுக்கு இன்சுலினும் கூடி, சீனி மேலும் இறங்குகிறது.

2018இல் வெளியான இரண்டு ஆய்வுகள் கவனிக்கத்தக்கவை. இரண்டிலும் உடல் குளுக்கோஸைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஒரே பொருளை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பெர்கை மூளையைத் தாக்கிய எலிகள் அதனால் பிழைத்தன. சபோடி தொற்றிய எலிகளிலோ இறப்புக் கூடியது. ஒரே நோய், ஒரே மருந்து, எதிரெதிர் முடிவு. ஆகவே பட்டினி நல்லதா, சீனி நல்லதா என்று எலியைப் பார்த்து வீட்டில் முடிவெடுக்க முடியாது. எலியின் மூளை மலேரியாவில் நோயெதிர்ப்புக் கலங்களின் பங்கு பெரிது. மனிதரிலோ தொற்றிய கலங்கள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டி அடைப்பது முக்கியமானது.

மனிதரில் உறுதியாகத் தெரிந்தது இது. கடும் மலேரியாவில் இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கலாம். சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம். பழைய மருந்தான குயினைன் இன்சுலினைச் சுரக்கச் செய்து சீனியை மேலும் குறைக்கக்கூடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சீனியை அடிக்கடி அளக்கிறார்கள். பிள்ளை மயங்கிக் கிடப்பதும் வலிப்பு வருவதும் காய்ச்சலின் களைப்பு மட்டும் என்று நினைக்கக்கூடாது. சீனி இறங்கியதாலும் அப்படி ஆகலாம்.

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனால் எமது பிள்ளைகள் இப்போது ஆபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் போய் வருகிறார்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், போன நாட்டின் பெயரை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அன்றைக்கே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். சாப்பிட மறுக்கும் பிள்ளையைப் பட்டினியாக விட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அந்த இரவுக்குள்ளேயே சேமிப்புத் தீர்ந்துவிடக்கூடும்.