யாருடைய கையைப் பிடித்து நடந்தோம்?



ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பத்து மாதம் ஆனால் போதும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் நடக்கல்லையா?" அடுத்த கிழமையே மாத்தளை டவுனிலிருந்து சக்கரம் வைத்த வோக்கர் ஒன்று வந்து இறங்கும். அதை வாங்குவதற்கு முன், பிள்ளைகள் நடை பழகிய வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழில் குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பாடுவதற்கென்றே பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கியம் இருக்கிறது. பத்துப் பருவங்கள். அதில் ஒரு வயதை ஒட்டி வருவது வருகைப் பருவம். அந்தப் பருவத்தில் தாய் செய்வது ஒன்றே ஒன்று: கொஞ்சம் தள்ளி நின்று, கையை நீட்டி, "வா" என்று அழைப்பது. நம் முஸ்லிம் புலவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். அழைக்கும் அந்தக் குரல் நமக்கும் சொந்தமானது.

நடைவண்டியும் இருந்தது. மூன்று மரச் சக்கரமும் பிடித்துக்கொள்ள ஒரு கட்டையும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளை வண்டிக்குப் பின்னால், சொந்தக் காலில் நிற்கிறது. தன் பாரத்தைத் தானே தாங்குகிறது. பாதத்தைத் தானே பார்க்கிறது. இன்றைய வோக்கரிலோ பிள்ளை உள்ளே உட்கார்ந்துகொண்டு கால்விரலால் தரையை உந்துகிறது. பெயரில்தான் இரண்டும் நடைக்கு உதவுகிறவை.

வோக்கரும் புதிய சாமான் அல்ல. ஏறத்தாழ 1440 இல் நெதர்லாந்தில் எழுதப்பட்ட ஒரு பிரார்த்தனை நூலில், சக்கரம் பூட்டிய மரச்சட்டத்துக்குள் ஒரு குழந்தை நிற்கும் படம் இருக்கிறது. ஐரோப்பாவில் பிள்ளையின் சட்டைத் தோளில் வார் தைத்து, பின்னாலிருந்து பிடித்து நடத்தும் வழக்கமும் இருந்தது. வேலை செய்யும் தாயின் கைகள் ஓய்வதில்லை. அந்தக் கைகளுக்குப் பதிலாகத்தான் இந்தச் சாமான்கள் எல்லாம் பிறந்தன.

இனி நம் மலைக்கு வருவோம். கோப்பிக் காலத்தில் தோட்டத்து வேலை பெரும்பாலும் பருவத்து வேலை. மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் அதிகம் பேர் ஆண்கள். 1869 இல் கோப்பிச் செடியில் நோய் கண்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் குடும்பங்கள் லயத்தில் நிலைத்தன, பெண்கள் கூடையோடு மலைக்குப் போனார்கள். கைக்குழந்தையை யார் பார்ப்பது?

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் பிள்ளைக் காம்பரா. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், நடுவே ஒரு தரை, பார்த்துக்கொள்ள வயதான ஒரு பெண். 1939 இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்து, பிரசவ காலத்தில் தாய்க்குக் கொடுப்பனவு கிடைக்க வழி செய்தது. ஆனால் பிள்ளை எழுந்து நிற்கும் மாதத்தில் தாய் மலையில்தான் நின்றாள். முதல் எட்டைப் பெற்றவள் பார்க்காமலே நடந்த பிள்ளைகள் இந்த மலைநாட்டில் எத்தனையோ. கையைப் பிடித்தவர் அந்தக் காம்பராவின் ஆயா, இல்லையென்றால் லயத்து அப்பாயி. கடைவீதியில் இருந்த நம் வீடுகளிலும் பல பிள்ளைகளுக்கு அந்தக் கை உம்மும்மாவின் கை. தோட்ட வரலாற்றில் இறாத்தல் கணக்கு இருக்கிறது, இந்தக் கைகளின் கணக்கு இல்லை.

இன்றைய ஆய்வுகளும் அந்த முதியவர்கள் செய்ததையே சரி என்கின்றன. நியூயோர்க்கில் ஒரு ஆய்வுக் குழு, நடை பழகும் பிள்ளைகள் தாராளமாக விளையாடும்போது எண்ணிப் பார்த்தது. சராசரியாக ஒரு மணித்தியாலத்துக்கு 2,368 அடிகள், 17 விழுகைகள். 2012 இல் வெளியான முடிவு இது. விழுந்து எழும்புவதுதான் பாடம். அதற்குத் தேவை விழக்கூடிய ஒரு நல்ல தரையும் பக்கத்தில் ஒரு ஆளும்.

வோக்கர் இந்த இரண்டையும் இல்லாமல் செய்கிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, வோக்கர் விபத்தால் அவசர சிகிச்சைக்கு வந்த 15 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகள் 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். நூற்றுக்கு 74 பேர் படியில் உருண்டவர்கள். கனடா 2004 இல் வோக்கர் விற்பதையே தடை செய்துவிட்டது. இப்போது நம் எல்கடுவ வீடுகளை நினைத்துப் பாருங்கள். இஸ்தோப்பைத் தாண்டினால் படி, படி இறங்கினால் கான், கானைத் தாண்டினால் சரிவு. சமதரை நாட்டிலேயே இந்த நிலை என்றால், மலையில் சக்கரத்தை நம்பலாமா?

பயமும் வேண்டாம். உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா, ஓமான், கானா, நோர்வே, அமெரிக்கா ஆகிய 5 நாடுகளின் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2006 இல் கணக்கை வெளியிட்டது. தனியாக நடக்கும் வயது 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டியும் போகிறது. அதிலே ஒரு சிலர் நான்கு காலில் தவழாமலேயே நடந்தவர்கள். ஆகவே பத்து மாதத்துப் பிள்ளையின் தாயிடம் "இன்னும் நடக்கல்லையா?" என்று கேட்டு அவள் மனதை நோகடிக்க வேண்டாம். அதேநேரம் 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால், "வாப்பாவும் சுணங்கித்தான் நடந்தார்" என்று சொல்லிக் காலம் கடத்தவும் வேண்டாம். கிளினிக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மிட்வைஃப் மிஸ்ஸைப் பாருங்கள்.

வோக்கருக்கு வைத்த காசில் ஒரு பாய் வாங்கலாம், வாசற்படிக்கு ஒரு தடுப்பு அடிக்கலாம். பிடித்து எழும்ப, அசையாத ஒரு வாங்கு போதும். வெறுங்காலோடு விடுங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய்க்கும் கடை பூட்டிவிட்டு வரும் வாப்பாவுக்கும், இருட்ட முன் அரை மணித்தியாலம் பிள்ளைக்கு எதிரே உட்கார வாய்ப்புக் கொடுங்கள். அந்த நேரம் அடுப்படி வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

பிள்ளைக் காம்பராக்களுக்கு இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். அங்கே தரை நன்றாக இருக்கிறதா, வேலி இருக்கிறதா, ஒரு ஆளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பது நம் எல்லோருடைய உரிமை. எந்த இனத்துப் பிள்ளையானாலும் நாளை நம் பாடசாலைக்கு நடந்து வரப்போகிற பிள்ளைதான்.

உங்களை நடக்கப் பழக்கியது யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர் உயிரோடு இருந்தால் இன்று போய் ஒரு ஸலாம் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு துஆ.